முடி நட்டால் முளைக்கும்... பெருகுமா?

"மயிரைக் கட்டி மலையை இழு; வந்தால் மலை, போனால் மயிர்" என்று ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்னவருக்குத் தலை நிறைய முடி இருந்திருக்க வேண்டும்! நெற்றி இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கிவிட்ட ஒரு இருபது வயதுக்காரரிடம் போய் "போனால் மயிர்தானே" என்று சொல்லிப் பாருங்கள். குளித்து முடித்ததும் துண்டில் ஒட்டிய முடியை எண்ணுகிறவர், குரூப் போட்டோ என்றால் தொப்பியைத் தேடுகிறவர், பைக்கில் போய் இறங்கியதும் கண்ணாடியில் முன்முடியைச் சரிசெய்கிறவர் என்று எந்த வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள். வெளியே சிரித்துக்கொள்வார்கள். உள்ளுக்குள் வலி இருக்கும்.

இந்த நாலு பேரைக் குறிவைத்துத்தான் முடி நடவு விளம்பரங்கள் வருகின்றன. "ஒரே நாளில் முடிந்துவிடும்", "வலியே இருக்காது", "எடுத்த இடத்திலும் திரும்ப முளைத்துவிடும்". முதல் இரண்டும் விளம்பரத்துக்கே உரிய மிகை, போகட்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. அறிவியல் மாதிரியே தொனிக்கிற பொய் அது.

மயிர்க்கால் மீண்டும் முளைக்குமா என்று கேட்டால் "முளைக்கும்" என்பதும் சரி, "முளைக்காது" என்பதும் சரி. "முளைத்தல்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. விற்கிறவர்கள் முதல் சங்கதிக்கான ஆதாரத்தைக் காட்டி மூன்றாவதையும் நான்காவதையும் விற்றுவிடுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. நட்ட முடி உதிர்ந்து, திரும்ப முளைப்பது: உண்மை

தோலுக்கு வெளியே தெரிகிற முடி, நகம் மாதிரி உயிரற்ற பொருள். அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, மயிர்க்காலில். அதன் அடியில் வெங்காயக் குமிழ் போல ஒரு பகுதி. அதற்குள் டெர்மல் பாப்பிலா என்கிற சின்னஞ்சிறு செல் திரள். "முளை" என்று உத்தரவு போடுவது இதுதான். கொஞ்சம் மேலே, குளிரில் மயிர்க்கூச்செறிய வைக்கும் தசை வந்து ஒட்டுமிடத்தில், ஒரு சின்னப் புடைப்பு. இங்கேதான் ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. ஸ்டெம் செல்கள் அடிக்குமிழில் இருக்கும் என்றே பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் காட்சரெலிஸ், சுன், லாவ்கர் மூவரும் சுண்டெலியில் செய்த ஆய்வுதான் அந்த விலாசத்தை மாற்றியது.

மயிர்க்கால் வாழ்நாள் முழுக்கச் சுழற்சியில் இயங்கும் உறுப்பு. தலைமுடி என்றால் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கும். மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும். பழைய முடியைத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு முடி உதிர்வது இந்தச் சுழற்சியால்தான். அது நோயல்ல.

பிடரியிலிருந்து ஒரு மயிர்க்காலை எடுத்து முன் நெற்றியில் நட்டால், முதல் சில நாட்கள் அதற்கு ரத்த ஓட்டமே கிடையாது. சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சித்தான் உயிர் பிழைக்கிறது. புது ரத்தக் குழாய்கள் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். இந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் ஓய்வு நிலைக்குப் போய்விடும். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பணத்தைக் கட்டிவிட்டு வந்தவருக்கு நெஞ்சு பதறும் காலம் இது! ஆனால் உதிர்வது முடிதான். மயிர்க்கால் உள்ளேயே இருக்கிறது. மூன்று நாலு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடமாவது ஆகும்.

நட்டது ஏன் மறுபடி வழுக்கையாவதில்லை? இதற்குப் பதில் சொன்னவர் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக். 1952-ல் வழுக்கைக்காக முதல் முடி நடவைச் செய்தவர் அவர். முடியுள்ள தோலை வழுக்கையிலும், வழுக்கைத் தோலை முடியுள்ள இடத்திலும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார். எங்கே வைத்தாலும் ஒவ்வொன்றும் தன் பிறந்த ஊர்க் குணத்தையே காட்டியது. டி.எச்.டி. என்கிற ஹார்மோனுக்கு முன்தலை மயிர்க்கால்கள் மெலிந்து போகின்றன. பிடரியில் இருப்பவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இடம் மாறினாலும் அந்தக் குணம் மாறாது. இதை அவர் 1959-ல் வெளியிட்டார். இன்றுவரை மொத்த முடி நடவுத் தொழிலும் நிற்பது இந்த ஒரு கருத்தின் மேல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஓரன்ட்ரைக்குக்கு முன்பே, 1939-ல், ஜப்பானில் ஷோஜி ஒகுதா என்ற மருத்துவர் வட்டக் கத்தியால் சிறு சிறு துண்டுகளாக முடியுள்ள தோலை எடுத்து, தழும்பு விழுந்து முடியிழந்த இடங்களில் நட்டு வெற்றி கண்டிருந்தார். ஜப்பானிய மொழியில் எழுதினார், உலகப்போர் வந்துவிட்டது, மேற்கு நாடுகளுக்குச் சேதியே போகவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுகிறவர்களுக்கு நேரும் கதிதான்.

2. வெட்டுப்பட்ட மயிர்க்கால் முளைப்பது: பாதி உண்மை

முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் துளிர்க்கிறது. மயிர்க்காலை வெட்டி நட்டால்?

ஸ்காட்லாந்தின் டண்டீயில் ராய் ஆலிவர் என்ற ஆய்வாளர் 1960-களில் எலியின் மீசை முடியை வைத்து இதைச் சோதித்தார். மயிர்க்காலின் அடிப்பகுதியை, அந்த உத்தரவு போடும் பாப்பிலாவோடு சேர்த்து, வெட்டி எறிந்தார். மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டினால் மீதியிருந்த பகுதி தானே ஒரு புது பாப்பிலாவை உண்டாக்கிக்கொண்டு திரும்பவும் மீசையை முளைக்க வைத்தது. அதற்கு மேல் வெட்டினால் முளைக்கவில்லை.

மனிதனுக்கும் இது ஓரளவு பொருந்தும் என்று 1995-ல் தென்கொரியாவின் கிம், சோய் இருவரும் காட்டினார்கள். அடிக்குமிழை நீக்கிவிட்டு நட்ட தலைமுடியும் முளைத்தது. மிக முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் விளம்பரக்காரர்கள் இதை இழுக்கிற தூரத்துக்கு இது வராது. ஒரு மயிர்க்காலை இரண்டாக வெட்டினால் இரண்டு முடி நிச்சயம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வெட்டுப்பட்டது முழு மயிர்க்காலின் அளவுக்கு நம்பகமாக முளைப்பதில்லை. முளைத்தாலும் மெலிந்து போவதுண்டு. அதனால்தான் நல்ல அறுவை மருத்துவர்கள் மயிர்க்கால் வெட்டுப்படாமல் எடுக்க அத்தனை பாடுபடுகிறார்கள். வெட்டினால் இரண்டாகும் என்றால் அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

3. பறித்த குழியில் திரும்ப முளைப்பது: இல்லை

பழனியில் மொட்டை போட்டால் முடி வளர்கிறது. காரணம், கத்தி தோலுக்கு மேலே இருப்பதை மட்டுமே எடுக்கிறது. வேரோடு பிடுங்கினாலும் பெரும்பாலும் வளர்கிறது. காரணம், கையோடு வருவது முடியும் அதன் உறையும்தான். மயிர்க்கால் தங்கிவிடுகிறது. ஆனால் எஃப்.யூ.இ. முறையில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலமுள்ள குழல் கத்தியால் மயிர்க்காலையே முழுசாகத் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே மிச்சம் இருப்பது ஒரு புள்ளித் தழும்பு மட்டுமே.

மனிதனின் மயிர்க்கால்கள் எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுபவை. பிறந்த பிறகு புதிதாகச் சேர்வதில்லை. சின்ன வயதில் முழங்காலில் பட்ட காயத்தின் தழும்பைத் தடவிப் பார்த்தால் தெரியும், அங்கே முடி இருக்காது. சுண்டெலியின் பெரிய காயங்களில் புது மயிர்க்கால் முளைப்பதை 2007-ல் காட்சரெலிஸ் குழுவே கண்டது. அது சுண்டெலிக்கு. மனிதத் தழும்புக்கு அந்த வரம் இன்னும் வாய்க்கவில்லை.

ஒரு எதிர்வாதம் உண்டு. நெதர்லாந்தில் கோன் கோ என்ற மருத்துவர், மயிர்க்காலை நீளவாக்கில் ஒரு பகுதி மட்டும் எடுத்தால் எடுத்த இடம், நட்ட இடம் இரண்டிலும் முளைக்கும் என்று 2010-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகெங்கும் முடி நடவு செய்கிறவர்கள் அந்த முறைக்கு மாறிவிடவில்லை. மாறியிருந்தால் வழுக்கை என்ற பிரச்சினையே என்றோ தீர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு உரிமைகோரலைப் பெரிய அளவில், சுயேச்சையான ஆய்வாளர்கள் திரும்பச் செய்து காட்டும் வரை அதை நம்பிப் பணம் கட்டுவது சரியல்ல.

நெல் விவசாயத்தோடு ஒப்பிட்டால் இது எளிதாக விளங்கும். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிறோம். நாற்றங்கால் காலியாகிறது. அடுத்த போகத்துக்கு என்ன கவலை, விதைநெல் இருக்கிறது, மறுபடி நாற்று விடலாம். முடி நடவில் நாற்றங்கால் உண்டு, வயல் உண்டு, விதைநெல் மட்டும் கிடையாது. பறித்தது பறித்ததுதான்.

4. ஆய்வகத்தில் புதிதாக முளைக்க வைப்பது: முடிகிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை

அப்படியானால் விதைநெல்லைத் தயாரிக்க முடியாதா? இங்கேதான் அறிவியல் உண்மையிலேயே சுவாரசியமாகிறது.

1984-ல் ஜஹோடா, ஹார்ன், ஆலிவர் மூவரும் எலி மீசையின் பாப்பிலா செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, திரும்ப மயிர்க்காலில் வைத்து முடி முளைக்க வைத்தார்கள். 1999-ல் இங்கிலாந்தின் டர்ஹாமில் காலின் ஜஹோடா இன்னும் ஒரு படி போனார். தன் தலையின் மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள உறைத் திசுவில் கொஞ்சம் எடுத்து, சக ஆய்வாளர் அமாண்டா ரெனால்ட்ஸின் முன்னங்கைத் தோலில் வைத்தார். சில வாரங்களில் அந்தப் பெண்ணின் கையில் மற்ற முடிகளை விடத் தடித்த, நீண்ட முடிகள் முளைத்தன! அந்த மயிர்க்கால்களில் ஆணின் ஒய் குரோமோசோம் இருந்தது. இன்னொருவர் உடலின் திசுவை அவர் உடம்பு விரட்டவில்லை என்பதும் வியப்பு. அந்த வருடம் நேச்சர் இதழில் வந்த இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

பிறகு ஏன் கடையில் கிடைக்கவில்லை? மனித பாப்பிலா செல்களைத் தட்டில் பரப்பி லட்சக்கணக்கில் பெருக்கும்போது அவை "முளை" என்று சொல்லும் திறனையே மறந்துவிடுகின்றன. கூட்டமாக இருந்தால்தான் அவற்றுக்குத் தாங்கள் யார் என்பது நினைவிருக்கிறது போலும். 2013-ல் ஜஹோடாவும் நியூயார்க்கின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் சேர்ந்த குழு, சொட்டாகத் தொங்கவிட்ட திரவத்தில் செல்களை உருண்டையாகத் திரள வைத்தது. இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பியது. ஏழு பேரின் செல்களைச் சோதித்ததில் ஐந்து பேருடையவை, முடியே முளைக்காத மனிதத் தோலில் புது மயிர்க்காலை உருவாக்கின. அந்தத் தோல் ஒட்டப்பட்டிருந்தது சுண்டெலியின் முதுகில். நிறமும் திசையும் அடர்த்தியும் கொண்ட ஒரு தலை முடியாக அதை மாற்றுவதற்கு இன்னும் வெகுதூரம்.

கம்பெனிகளும் முயன்று பார்த்தன. செல்களைப் பெருக்கித் தலையில் ஊசியாகப் போடும் திட்டத்தோடு பல ஆண்டுகள் பாடுபட்ட அடெரான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் 2013-ல் மூடப்பட்டது. ஜப்பானிலும் பிற நாடுகளிலும் ஆய்வுகள் தொடர்கின்றன. ஆனால் "இன்னும் அஞ்சே வருஷம்தான்" என்ற வாக்கியம் 1984-க்குப் பிறகு எத்தனை அஞ்சு வருடங்களைத் தாண்டி வந்துவிட்டது!

இதை அறிவியலின் தோல்வி என்று சொல்லக் கூடாது. ஒரு உறுப்பைப் புதிதாகச் செய்வது அவ்வளவு கடினம் என்பதுதான் விஷயம். ஆனால் எலியில் நடந்ததைச் சொல்லி இளைஞர்களின் பிடரியைக் காலி செய்வதைத்தான் ஏற்க முடியாது.

கொஞ்சம் கணக்குப் போடலாம்

ஒருவர் தலையில் தோராயமாக ஒரு லட்சம் முடி. வழுக்கை எட்டாத பாதுகாப்பான பின்பகுதி தலையில் கால்வாசி என்று வைத்தால் 25,000. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பின்தலையும் சொட்டையாகத் தெரியும். ஆக, ஆயுளுக்கும் எடுக்கக்கூடியது சுமார் 12,500. முற்றிய வழுக்கையில் போனதோ ஐம்பது, அறுபதாயிரம். பன்னிரண்டாயிரத்தைக் கொண்டு அறுபதாயிரத்தின் இடத்தை நிரப்ப வேண்டும். இது தலைக்குத் தலை மாறும் தோராயக் கணக்குதான். ஆனாலும் பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆகவே நல்ல முடி நடவு என்பது ஒரு சிக்கனக் கலை. பாதி அடர்த்தி போகும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை என்ற சலுகையைப் பயன்படுத்தி, குறைவான முடியை நிறைவாகக் காட்டுகிற வித்தை. அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. தீக்காயத்தில் முடியிழந்தவருக்கும், வழுக்கை ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்ட நாற்பது வயதுக்காரருக்கும் அது பெரிய வரம். "இதெல்லாம் வெறும் அழகுப் பைத்தியம்" என்று ஒதுக்குகிறவர்கள் அடுத்தவர் தலையைக் கிண்டல் செய்வதை முதலில் நிறுத்தட்டும்.

சிக்கல் இருபது வயதில். வழுக்கை அப்போதுதான் புறப்பட்டிருக்கிறது, எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடக் காலத்து நெற்றியைத் திரும்பக் கேட்கிறார் இளைஞர். மறுக்காமல் நட்டுக் கொடுக்கிறார் விற்பனையாளர். பத்து வருடம் கழித்து நட்ட முன்வரிசை அப்படியே நிற்கிறது, அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி விலகிப் போயிருக்கிறது. வாசலில் தோரணம், உள்ளே வீட்டைக் காணோம்! அந்த இடைவெளியை நிரப்பலாம் என்றால் பிடரியில் இருப்புக் குறைவு. "எடுத்த இடத்தில் முளைக்கும்" என்ற பொய் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுவிடும்.

பணமும் அழகும் மட்டுமே பணயம் என்று நினைத்துவிடக் கூடாது. 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு? தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் முடி நடவுக்கான பயிற்சியாகாது என்று எழுத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய நிலை வந்தது என்பதே நிலைமையைக் காட்டிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

கத்திக்குப் போவதற்கு முன் தோல் மருத்துவரிடம் போகலாம். எல்லா முடி உதிர்வும் பரம்பரை வழுக்கை அல்ல. காய்ச்சலுக்குப் பின் கொட்டுவது பெரும்பாலும் தானாகவே திரும்பக்கூடியது, ரத்தச்சோகையில் கொட்டுவது அதைச் சரிசெய்தால் திரும்பக்கூடியது. பரம்பரை வழுக்கை என்றாலும் அமெரிக்காவில் 1988-ல் மினாக்சிடிலும் 1997-ல் ஃபினாஸ்டரைடும் அனுமதி பெற்றன. வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் இவை. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும், சிலருக்குப் பக்க விளைவும் உண்டு. அதனால் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். நட்ட முடிக்கு இந்த மருந்து தேவையில்லாமல் போகலாம். நடாமல் மிச்சமிருக்கும் சொந்த முடிக்குத் தேவைப்படும்.

அதற்குப் பிறகும் நடவு வேண்டும் என்று முடிவெடுத்தால் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். என் பிடரியில் ஆயுளுக்கும் எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு, இப்போது அதில் எவ்வளவு செலவாகும்? நாற்பது வயதில் என் தலை எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு இந்த நெற்றிக்கோட்டை வரைந்தீர்களா? கத்தியைப் பிடிக்கப் போவது யார், மயக்க மருந்து கொடுத்த பிறகு என் பக்கத்தில் இருக்கப்போவது யார்?

இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர் மருத்துவர். "அதெல்லாம் எடுத்த இடத்திலேயே முளைச்சிடும் தம்பி" என்று தோளில் தட்டுகிறவர் வியாபாரி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுவது பிடரிக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.